விளக்கம் கொஞ்சம் காத்திருக்கட்டும்

நகரத்துப் பொம்மைக் கடைகளில் இப்போது அறிவியல் பெட்டிகளுக்கென்று தனி அடுக்கே இருக்கிறது. எரிமலை, படிகம், காந்தம், ஸ்லைம் என்று படம் போட்ட அட்டைப் பெட்டிகள். வாங்கிக்கொண்டு போகும் பெற்றோரின் மனதில் இரண்டு ஆசைகள் இருக்கின்றன. பிள்ளை கொஞ்ச நேரமாவது செல்போனை விட்டு எழுந்திருக்கும் என்பது ஒன்று. விளையாட்டோடு விளையாட்டாக அறிவியலும் படித்துக்கொள்ளும் என்பது இன்னொன்று. முதல் ஆசை நியாயமானது. இரண்டாவதைப் பற்றித்தான் எனக்குச் சந்தேகம். நான்கு வயதில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கற்றுக்கொண்ட வேதியியல் அடுத்த ஞாயிறுவரை தங்குவதே கடினம்; தங்கியே ஆக வேண்டும் என்ற அவசியமும் இல்லை. வீட்டில் செய்யும் சின்னச் சோதனைகளில் கிடைக்கும் பெரிய லாபம் வேறு. அடுத்து என்ன ஆகும் என்று நிச்சயமில்லாத ஒன்றை ஒரு பெரியவரும் ஒரு குழந்தையும் சேர்ந்து உற்றுப் பார்க்கிறார்கள், பார்த்ததைப் பற்றிப் பேசிக்கொள்கிறார்கள். நெருக்கம் வளர்வது அந்தப் பேச்சில். அதைக் கெடுப்பதற்கு மிகச் சுலபமான வழி, பெரியவர் உடனே விளக்கம் சொல்ல ஆரம்பிப்பதுதான்.

குழந்தைகள் யாரிடம், எப்போது கேள்வி கேட்கிறார்கள் என்பதை இங்கிலாந்தில் பார்பரா டிசார்ட், மார்ட்டின் ஹியூஸ் என்ற இரு உளவியலாளர்கள் ஆராய்ந்து 1984இல் ஒரு நூலாக வெளியிட்டார்கள். நான்கு வயதை ஒட்டிய முப்பது சிறுமிகள். உடையில் சின்ன மைக் பொருத்தி, காலையில் நர்சரிப் பள்ளியிலும் மதியத்தில் வீட்டில் தாயோடும் அவர்கள் பேசியதெல்லாம் பதிவு செய்யப்பட்டது. வீட்டில் ஒரு மணி நேரத்துக்குச் சராசரியாக 26 கேள்விகள் கேட்ட அதே சிறுமிகள், பள்ளியில் ஒரு மணி நேரத்துக்கு இரண்டே கேள்விகள் கேட்டார்கள். அந்த ஆசிரியைகள் கடுமையானவர்கள் அல்ல, அன்பானவர்கள்தான். ஆனால் அங்கே கேள்வி கேட்பது ஆசிரியையின் வேலையாக இருந்தது. இது என்ன நிறம், இதில் எத்தனை இருக்கிறது என்று, தனக்கு விடை தெரிந்த கேள்விகளையே அவர் கேட்டார். குழந்தைகள் விடை சொல்பவர்களாக மாறிப்போனார்கள். வீட்டிலோ தாய் துணி மடித்துக்கொண்டோ சமைத்துக்கொண்டோ இருக்க, பேச்சு தன் போக்கில் போனது. நேற்று நடந்ததும் போன வாரம் பாட்டி வந்துபோனதும் இருவருக்கும் தெரியும் என்பதால் ஒரு கேள்வியிலிருந்து அடுத்த கேள்விக்கு எளிதாகத் தாவ முடிந்தது. தொழிலாளர் குடும்பங்களின் வீடுகளிலும் இந்தப் பேச்சு வளமாகவே இருந்தது என்று அந்த நூல் அழுத்திச் சொன்னது. படித்தவர்கள் வீட்டில்தான் குழந்தைக்கு அறிவு வளரும் என்ற எண்ணத்தோடு அதைத் திறந்தவர்களுக்கு ஏமாற்றமாகத்தான் இருந்திருக்கும்.

பேச்சின் அளவைவிட, அது மாறி மாறிப் போகிறதா என்பதுதான் முக்கியம் என்று 2018இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வும் காட்டுகிறது. நான்கு முதல் ஆறு வயதுக்குட்பட்ட 36 குழந்தைகளின் வீட்டுப் பேச்சைப் பதிவு செய்து, பிறகு அவர்கள் கதை கேட்கும்போது மூளை எப்படி இயங்குகிறது என்று ஸ்கேன் எடுத்துப் பார்த்தார்கள். பெரியவர் மொத்தம் எத்தனை சொற்கள் பேசினார் என்பதைக் காட்டிலும், அவர் ஒன்று சொல்ல, குழந்தை ஒன்று சொல்ல, மறுபடி அவர் சொல்ல என்று எத்தனை முறை பேச்சு கைமாறியது என்பதே மொழிக்கான மூளைப் பகுதியின் இயக்கத்தோடு ஒத்துப்போனது. குடும்பத்தின் வருமானத்தையும் பெற்றோரின் படிப்பையும் கழித்துப் பார்த்தபோதும் இந்தத் தொடர்பு நீடித்தது. 36 பேர் என்பது சிறிய எண்ணிக்கை. பேச்சுதான் மூளையை மாற்றியது என்று இதைக் கொண்டு அடித்துச் சொல்லிவிடவும் முடியாது. ஆனாலும் டிசார்டும் ஹியூஸும் பதிவு செய்த வீடுகளும் இந்த ஸ்கேன் படங்களும் ஒரே திசையைத்தான் காட்டுகின்றன. குழந்தையிடம் நிறையப் பேசுகிறோம் என்று பெருமைப்படும் பெற்றோர், அதில் குழந்தையின் முறை எத்தனை தடவை வந்தது என்று எண்ணிப் பார்ப்பது நல்லது.

பேச்சைக் கைமாற்ற ஒரு பொருள் வேண்டும். 'ஸ்கூல்ல இன்னிக்கு என்ன நடந்துச்சு' என்று கேட்டால் 'ஒண்ணும் இல்ல' என்ற பதிலோடு கதை முடிந்துவிடும். பிள்ளை வளர்க்கும் எல்லோருக்கும் இது தெரியும். மஞ்சள்தூளைத் தண்ணீரில் கரைத்து, ஒரு வெள்ளைத் துணியை அதில் நனைத்துக் காயவைத்து, ஈரச் சோப்பால் கோடு போட்டுப் பாருங்கள். மஞ்சள் துணியில் செக்கச் சிவந்த கோடு விழும். அந்தக் கோட்டின் மேல் எலுமிச்சம்பழம் பிழிந்தால் சிவப்பு மறைந்து மஞ்சள் திரும்பும். குழம்பு சிந்திய சட்டையைச் சோப்புப் போட்டுத் துவைத்தவர்களும், மஞ்சளும் சுண்ணாம்பும் கலந்து ஆரத்தி கரைத்தவர்களும் இதைப் பலமுறை பார்த்திருப்பார்கள். ஆகவே இது நமக்குப் புதிதல்ல. உட்கார்ந்து பார்ப்பதுதான் புதிது. மஞ்சளில் உள்ள குர்க்குமின் காரத்தன்மையில் சிவக்கும் என்பது பாடம். அதைச் சொல்வதற்கு முன்னால், வீட்டில் வேறு எதெல்லாம் கோட்டைச் சிவக்க வைக்கும் என்று குழந்தையே தேடிக்கொண்டு வர இடம் விடலாம். ஷாம்பு, பற்பசை, ஆப்பச் சோடா, மோர், புளித்தண்ணீர் என்று ஒவ்வொன்றாக வரும். சிவக்குமா சிவக்காதா என்று முதலில் குழந்தை ஊகிக்க வேண்டும், பெரியவரும் ஊகிக்க வேண்டும். பெரியவரின் ஊகம் தப்பினால் இன்னும் நல்லது. அப்பா சொன்னது தப்பாகிவிட்டது என்பதில் நான்கு வயதுக்குக் கிடைக்கும் மகிழ்ச்சியை எந்தப் பொம்மைக் கடையிலும் வாங்க முடியாது. (சுண்ணாம்பை மட்டும் குழந்தை கையில் கொடுத்துவிடாதீர்கள். கண்ணில் பட்டால் பார்வையையே பறித்துவிடும். இதற்குச் சோப்பே போதும்.)

முன்கூட்டிய விளக்கம் குழந்தையின் தேடலை எப்படிச் சுருக்குகிறது என்பதற்கு நேரடியான சான்றும் இருக்கிறது. எலிசபெத் போனவிட்ஸும் அவரோடு பணியாற்றியவர்களும் 2011இல் வெளியிட்ட ஆய்வில், நான்கு, ஐந்து வயதுக் குழந்தைகளிடம் ஒரு புதுப் பொம்மையைக் கொடுத்தார்கள். ஒரு குழாயை இழுத்தால் கீச்சென்று ஒலி எழும். வேறோர் இடத்தில் விளக்கு எரியும். இன்னோர் இடத்தில் இசை வரும். ஒரு குழாய்க்குள் கண்ணாடி ஒளிந்திருக்கும். சில குழந்தைகளிடம் ஆய்வாளர் 'இந்தப் பொம்மை இப்படித்தான் வேலை செய்யும்' என்று சொல்லிக் கீச்சொலியைச் செய்துகாட்டினார். வேறு சிலரிடம் தற்செயலாகக் கை பட்டு ஒலி எழுந்ததுபோல நடித்தார். சொல்லித்தரப்பட்ட குழந்தைகள் கீச்சொலியையே திரும்பத் திரும்ப எழுப்பிவிட்டுச் சீக்கிரம் பொம்மையைக் கீழே வைத்தார்கள். மற்றவர்கள் அதிக நேரம் விளையாடினார்கள், ஒளிந்திருந்த மற்ற வேலைகளையும் அதிகமாகக் கண்டுபிடித்தார்கள். சொல்லித்தரப்பட்ட குழந்தைகளை மந்தமானவர்கள் என்று சொல்ல முடியாது. விவரம் தெரிந்த பெரியவர் ஒருவர் ஒன்றை மட்டும் காட்டினால், காட்டுவதற்கு வேறொன்றும் இல்லை என்று அவர்கள் சரியாகவே முடிவு செய்தார்கள். நம் மேலுள்ள நம்பிக்கையால் தேடலை நிறுத்திக்கொண்டார்கள் என்பதுதான் இதிலுள்ள சங்கடம்.

அப்படியானால் பெரியவர் கையைக் கட்டிக்கொண்டு ஒதுங்கிவிட வேண்டுமா என்று கேட்கலாம். கூடாது. தாமாகவே கண்டுபிடிக்கட்டும் என்று மாணவர்களை விட்டுவிடும் முறையை மற்ற முறைகளோடு ஒப்பிட்டு, 164 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த ஒரு கட்டுரையும் அதே 2011இல்தான் வந்தது. உதவியில்லாத கண்டுபிடிப்பால் அதிகம் கற்க முடிவதில்லை, உதவியோடு கூடிய கண்டுபிடிப்பே நன்றாகப் பலன் தருகிறது என்பது அதன் முடிவு. நான் சொல்வதும் உதவியைத்தான். ஆனால் அந்த உதவி வாய்ச்சொல் விளக்கமாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. கனமானதெல்லாம் மூழ்கும் என்று குழந்தை சொன்னால், தப்பு என்று சொல்லிவிட்டு அடர்த்தியைப் பற்றி வகுப்பு எடுக்கலாம். அல்லது ஒரு பரங்கிக்காயையும் ஒரு ரூபாய் நாணயத்தையும் எடுத்து வந்து வாளித் தண்ணீரில் போட்டுக் காட்டலாம். பரங்கிக்காய் மிதக்கும், நாணயம் மூழ்கும். பிறகு தோலோடு ஒரு கமலா ஆரஞ்சு, தோலுரித்து இன்னொன்று. உரித்தால் எடை குறைகிறது, ஆனாலும் உரித்ததுதான் மூழ்குகிறது. எதற்குப் பின் எதை எடுத்து வைப்பது என்று முடிவு செய்வதில் பெரியவரின் அனுபவம் முழுவதும் பயன்படுகிறது. இரண்டாவது ஆரஞ்சு மூழ்கும்போது குழந்தை அண்ணாந்து பார்க்கும் முகம், சொற்பொழிவு ஆற்றிக்கொண்டிருப்பவருக்குக் கிடைக்காது.

இன்னொரு ஆட்சேபம் இதைவிடக் கனமானது. விளக்காமல் விட்டால் தவறான கருத்து மனதில் ஊன்றிவிடாதா? ஊன்றலாம். ஆனால் அவசரப்பட்டு விளக்கும் பெரியவர்கள் சரியாகத்தான் விளக்குகிறார்கள் என்று யார் சொன்னது? தட்டில் தண்ணீர் ஊற்றி, நடுவில் மெழுகுவர்த்தி ஏற்றி, கண்ணாடித் தம்ளரைக் கவிழ்த்தால், சுடர் அணைந்து தம்ளருக்குள் தண்ணீர் ஏறும். காற்றில் ஐந்தில் ஒரு பங்கு ஆக்ஸிஜன், அது எரிந்து தீர்ந்த இடத்தைத் தண்ணீர் பிடித்துக்கொண்டது என்றுதான் நம்மில் பலர் பள்ளியில் படித்தோம். அது தவறு. காற்றிலுள்ள ஆக்ஸிஜன் முழுவதும் தீர்வதற்கு வெகு முன்பே சுடர் அணைந்துவிடுகிறது. எரிந்த ஆக்ஸிஜனுக்குப் பதிலாகக் கார்பன் டை ஆக்சைடும் நீராவியும் உண்டாகின்றன. சுடரின் சூட்டில் விரிந்த காற்று தம்ளரில் நிறைகிறது, கொஞ்சம் குமிழிகளாக வெளியேறவும் செய்கிறது. சுடர் அணைந்ததும் உள்ளே மிஞ்சிய காற்று குளிர்ந்து சுருங்க, வெளிக்காற்றின் அழுத்தம் தண்ணீரை உள்ளே தள்ளுகிறது. இதைக் கண்டுபிடிக்கப் புத்தகம் தேவையில்லை. தண்ணீர் எப்போது ஏறுகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தால் போதும். பெரும்பகுதி, சுடர் அணைந்த பிறகுதான் ஏறுகிறது. ஒரு மெழுகுவர்த்திக்குப் பதில் மூன்றை வைத்தால், தம்ளரில் ஆக்ஸிஜன் அதே அளவுதான் என்றாலும் தண்ணீர் இன்னும் மேலே ஏறுகிறது. பள்ளியில் படித்த விடை கையில் இருந்ததால்தான் இத்தனை காலமும் நாம் சரியாகப் பார்க்கவில்லை. மெழுகுவர்த்தி ஒன்றை வைத்துக்கொண்டே சிறுவர் சிறுமியருக்கு ஒரு முழு உரைத்தொடர் நிகழ்த்திய மைக்கேல் ஃபாரடே, 1860இல் லண்டனில் தன் மேசை மீது எரிந்த சுடரை ஒவ்வொரு கட்டமாக நின்று பார்க்க வைத்தார். அணைத்த திரியிலிருந்து எழும் வெள்ளைப் புகைக்கு அருகே தீக்குச்சியைக் கொண்டுபோனால், புகை வழியாகவே தீ தாவி வந்து திரியைப் பற்றிக்கொள்வதையும் செய்து காட்டினார். நம் வீட்டில் மின்சாரம் போன நாளில் அதைச் செய்துபார்க்கலாம். தீப்பெட்டி மட்டும் பெரியவர் கையில் இருக்கட்டும்.

என்னைக் கேட்டால் எரிமலைச் சோதனைக்கு அவ்வளவு மதிப்பெண் தர மாட்டேன். ஆப்பச் சோடாவில் வினிகர் ஊற்றினால் பொங்கும், குழந்தை கைதட்டும், இன்னொரு தடவை என்று கேட்கும், மூன்றாம் தடவைக்குப் பிறகு சோடா தீர்ந்துவிடும். யூடியூபில் வீட்டு அறிவியல் என்ற பெயரில் வருபவற்றில் நிறைய இந்த வகைதான், அவற்றைப் பட்டாசு போலத்தான் பார்க்க முடிகிறது. நெருக்கத்துக்கு உதவுபவை மெதுவாக நடக்கும் சோதனைகள். அரைத்த இட்லி மாவை இரண்டு கண்ணாடித் தம்ளர்களில் பாதிப் பாதி ஊற்றி, மட்டத்தைக் காட்ட ஆளுக்கொரு ரப்பர் பேண்ட் மாட்டி, ஒன்றை அடுப்பு மேடையிலும் ஒன்றைக் குளிர்பெட்டியிலும் வையுங்கள். படுக்கப் போகும் முன் ஒரு முறை பார்க்க வேண்டும், எழுந்ததும் ஓடிப்போய்ப் பார்க்க வேண்டும். மாவில் உள்ள நுண்ணுயிர்கள் விடும் வாயுவால் ஒன்று பொங்கியிருக்கும், குமிழிகள் கண்ணாடி வழியாகத் தெரியும். மற்றது வைத்த இடத்திலேயே இருக்கும். பச்சைப் பயறு முளைவிடுவது மூன்று நாள் சங்கதி. மொட்டை மாடியில் ஒரு பாட்டிலை நிறுத்தி, காலை, மதியம், மாலை என்று அதன் நிழலைச் சாக்பீஸால் வரைந்து வருவதை ஒரு வருஷம் இழுக்கலாம். தமிழ்நாடு முழுவதும் பூமத்திய ரேகைக்கும் கடக ரேகைக்கும் நடுவே இருப்பதால் ஆண்டில் இரண்டு நாள் நண்பகலில் நிமிர்ந்து நிற்கும் பொருளுக்கு நிழலே விழாது. சென்னையில் அது ஏப்ரல் 24ஐ ஒட்டியும் ஆகஸ்ட் 18ஐ ஒட்டியும் வரும். இப்படி நீளும் சோதனைகளால் பெரியவருக்கும் குழந்தைக்கும் இடையே ஒரு பாக்கி உண்டாகிறது. நாளைக்கும் அதைப் பற்றிப் பேச வேண்டியிருக்கிறது. அலுவலகத்திலிருந்து திரும்பும் தகப்பனிடம் சொல்வதற்குக் குழந்தையிடம் செய்தி இருக்கிறது.

இதற்கெல்லாம் நேரம் ஏது என்பார்கள். இந்தக் கேள்வியைத் தாய்மார்கள் கேட்டால் எனக்கு மறுப்பே இல்லை. வீட்டில் ஊதியமில்லாத வேலைகளில் ஈடுபடுவோர் ஒரு நாளில் அதற்குச் செலவிடும் நேரத்தை மத்தியப் புள்ளியியல் துறையின் நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு கணக்கிட்டிருக்கிறது. 2019இல் பெண்களுக்கு 299 நிமிடங்கள், ஆண்களுக்கு 97 நிமிடங்கள். 2024இல் அது 289க்கு 88. ஆண்களின் பங்கு ஐந்தாண்டில் கூடியிருக்கும் என்று எதிர்பார்த்தவர்கள் அந்த இரண்டாவது எண்ணை இன்னொரு முறை படிக்கலாம். நாளுக்கு ஐந்து மணி நேரம் வீட்டு வேலை செய்பவரிடம் போய், பிள்ளையோடு சோதனையும் செய் என்று சொல்வது அறிவுரை அல்ல, கூடுதல் சுமை. ஆகவே இந்தக் கட்டுரையை முதலில் படிக்க வேண்டியவர்கள் அப்பாக்களும் தாத்தாக்களும். மாவு கரைப்பது, பயறு ஊறவைப்பது, துணி துவைப்பது ஆகிய வேலைகளில் ஒன்றை அவர்கள் எடுத்துக்கொண்டால் சோதனைக்கென்று தனி நேரம் ஒதுக்க வேண்டியதே இல்லை. ஞாயிற்றுக்கிழமை துவைப்பதற்கு உட்காரும் அப்பாவிடம் மஞ்சள் கறையும் இருக்கும், சோப்பும் இருக்கும், பிள்ளையும் பக்கத்தில் வந்து உட்காரும்.

படிக்காதவர்களால் இது முடியுமா என்ற சந்தேகத்துக்கு இந்தியாவிலேயே நல்ல பதில் உண்டு. மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் மாவட்டத்தில் 1972இல் தொடங்கிய அறிவியல் கல்வித் திட்டம், கிராமத்துப் பள்ளிப் பிள்ளைகள் கையில் கிடைத்ததைக் கொண்டு தாங்களே சோதித்துப் பார்க்க வழி செய்தது. கான்பூர் ஐஐடியில் படித்த அர்விந்த் குப்தா அங்கே போய், தீக்குச்சியையும் சைக்கிள் வால்வு ட்யூபையும் இணைத்து முக்கோணமும் கனசதுரமும் செய்யக் காட்டினார். பின்னாளில் குப்பையிலிருந்து அவர் உருவாக்கிய பொம்மைகள் ஏராளம். 2018இல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. தமிழில் 1987 முதல் வரும் 'துளிர்' சிறுவர் அறிவியல் இதழும் அதே வழியில் நடப்பதுதான். இவற்றில் எதையும் வாங்க முடியாத வீட்டிலும் ஒரு பாட்டி இருப்பார். மழைக்காலத்தில் மாவு ஏன் தாமதமாகப் புளிக்கிறது, எந்த உளுந்து நன்றாகப் பொங்கும் என்பதெல்லாம் அவருக்குக் கைப்பழக்கமாகத் தெரியும். அதை அறிவியல் என்று யாரும் அவரிடம் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

இதுவரை சொன்னதற்குள் ஒரு முரண்பாடு இருக்கிறது, அதை மறைக்கக் கூடாது. கலிபோர்னியாவில் ஒரு சிறுவர் அருங்காட்சியகத்துக்கு வந்த குடும்பங்களைக் கவனித்து 2001இல் வெளியான ஆய்வில், மகனுக்கு ஒன்றை விளக்கிச் சொல்வதற்கான வாய்ப்பு மகளுக்குச் சொல்வதைப்போல மூன்று மடங்கு இருந்தது தெரியவந்தது. ஒன்று முதல் எட்டு வயது வரையிலான பிள்ளைகள். பெண் குழந்தைகள் ஆர்வம் குறைந்தவர்களாக இருக்கவில்லை. பெற்றோரும் வேண்டுமென்று செய்திருக்க மாட்டார்கள். விளக்கம் காத்திருக்கட்டும் என்று நான் சொல்லும்போது, மகளுக்கு அது வராமலே போய்விடும் ஆபத்து இருக்கிறது. காத்திருப்பதும் மறுப்பதும் ஒன்றல்ல. ஏன் என்று குழந்தை கேட்ட பிறகு, அதன் ஊகத்தையும் கேட்டுவிட்டு, தெரிந்ததைச் சொல்லத்தான் வேண்டும். தெரியாவிட்டால் சேர்ந்து தேட வேண்டும். மகளுக்கு மாவு கரைக்கும் வேலையும் மகனுக்கு மாவு ஏன் பொங்குகிறது என்ற விளக்கமும் போய்ச் சேருகிற வீடுகள் நம்மிடம் நிறைய உண்டு. அதே தம்ளரின் முன்னால் இருவரும் உட்காரட்டும், யார் முதலில் ஊகம் சொல்வது என்பது மாறி மாறி வரட்டும்.

பள்ளிகளுக்கும் இதில் ஒரு பொறுப்பு இருக்கிறது. எல்கேஜி, யூகேஜி வகுப்புகளிலிருந்தே 'ப்ராஜெக்ட்' என்று வீட்டுக்கு அனுப்புகிறார்கள். தெர்மாகோலில் சூரியக் குடும்பம், அட்டையில் நீர்ச் சுழற்சி. ராத்திரி பதினொரு மணிக்குக் குழந்தை தூங்கிக்கொண்டிருக்க, பெற்றோர் வெட்டி ஒட்டி வண்ணம் தீட்டுகிறார்கள். வசதியுள்ளவர்கள் ஸ்டேஷனரிக் கடையில் செய்து வைத்ததையே வாங்கிவிடுகிறார்கள். மறுநாள் வகுப்பில் வரிசையாக வைத்துப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போடுகிறார்கள். பெற்றோரும் பிள்ளையும் சேர்ந்து செய்ய வேண்டும் என்பதுதான் அதன் நோக்கம் என்று சுற்றறிக்கையில் இருக்கும். நடப்பது நேர்மாறு: குழந்தை அதைத் தொடவே கூடாது, தொட்டால் கெட்டுவிடும். தொடக்க வகுப்புகளில் இந்த மாதிரி உருக்களை அடியோடு நிறுத்திவிடலாம். அதற்குப் பதிலாக வாரத்துக்கு ஒரு கேள்வி போதும். உங்கள் வீட்டில் எது மிதந்தது, எது மூழ்கியது? மாவு எந்தக் கோடு வரை ஏறியது? பதிலைக் குழந்தை வாயால் சொல்லட்டும், ஆசிரியர் கரும்பலகையில் எழுதட்டும். ஒரு வீட்டு மாவு ஏறி இன்னொரு வீட்டு மாவு ஏறவில்லை என்றால், வகுப்பில் அன்றைக்குப் பேசுவதற்கு விஷயம் கிடைத்துவிட்டது. அதற்கு மதிப்பெண்ணும் வேண்டாம், போட்டோவும் வேண்டாம்.